ஆமையின் கடலில் ஆறு கிலோ கொக்கி

இரண்டு மூட்டைகளில் தப்பான மூட்டையைத் தூக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்துவைத்து நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஒரே மாதிரிச் சீருடை, ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரி மூக்கொழுகல் என்று தினமும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஒன்றைக்கூட வீடு மாற்றி இறக்கியதில்லை. அப்பேர்ப்பட்டவன் இரண்டே இரண்டு மூட்டைக்கு முன்னால் நின்று ஏமாந்து போனேன்.

மூட்டைகள் எதிர்வீட்டில் இருந்தன. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டே வீடு. ஒன்றில் நானும் என் முழங்கால் வலியும் இருக்கிறோம். மற்றதில் ஒரு குடும்பம். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் குடிவந்த அன்று, அலமாரி தூக்க ஒரு கை கொடுக்கிறேன் பேர்வழி என்று போய், அதன் கண்ணாடியைப் படிக்கட்டிலேயே உடைத்தேன். அந்த வீட்டுப் பெண் உடைந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கையில குத்திரப் போவுதுண்ணே, தள்ளி நில்லுங்க" என்றாள். எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்த விதம் இதுதான். அவள் அண்ணே என்றதால் அவள் புருஷன் மச்சானானான், பிள்ளைகள் இரண்டுக்கும் நான் மாமாவானேன். ஒரு கண்ணாடி விலைக்கு இவ்வளவு சொந்தம் வேறெங்கும் கிடைக்காது.

பிள்ளைகளில் மூத்தவளுக்கு ஏழு வயது. 'குட் மார்னிங்' என்றால்கூட 'எதுக்கு?' என்று கேட்பாள்; வேனில் அவள் பெயர் வக்கீல். இளையவனுக்கு நாலு. நடக்கத் தெரியும், ஆனால் நடக்கமாட்டான். யாராவது தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுக்கவேண்டும். ஆகவே அவன் பெயர் பொட்டலம்.

மச்சான் ஒரு பிளாஸ்டிக் யூனிட்டில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நான்கு மாதத்துக்கு முன்னால் உருகிய பிளாஸ்டிக் அவன் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது. விரல்கள் மட்டும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல மடங்கியபடியே நின்றுவிட்டன. மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அன்றிலிருந்து வீடு ஓடியது, தங்கச்சி வீட்டில் வைத்துப் பிளாஸ்டிக் வெட்டும் கட்டரில்.

அவள் வெட்டுவது திரைச்சீலை மாட்டும் கொக்கி. அச்சிலிருந்து வரும்போது அது கொக்கியாக வராது. உருகிய பிளாஸ்டிக் ஓடிய வழியெல்லாம் சேர்ந்து இறுகி, நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் கிளை, கிளை நுனிக்கு ஒரு கொக்கி என்று சின்ன மரம் போல வரும். கொக்கியை நறுக்கி எடுத்து, நறுக்கிய இடத்தில் பிசிறு இல்லாமல் சீவவேண்டும். மிச்சமுள்ள கிளைக்கு ரன்னர் என்று பெயர். அது கழிவு, இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு கொக்கியையும் சீவியதும் ஒரு நைலான் துணித் துண்டின்மேல் இழுத்துப் பார்ப்பாள். நூல் பிடித்தால் பிசிறு இருக்கிறது, மறுபடி சீவல். சோறு வடிக்கும்போதும் பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போதும் அந்த 'டிக், டிக்' சத்தம் என் சுவர் வரைக்கும் கேட்கும்.

யூனிட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வெட்டும் பெஞ்சுகளில் இரண்டு காலியாகியிருந்தது. வீட்டில் வைத்து வெட்டும் ஐந்து பெண்களுக்கும் ஆளுக்கு ஆறு கிலோ கொக்கி கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவரவேண்டும். எந்த இரண்டு பேருடையது சுத்தமாக இருக்கிறதோ அவர்கள் உள்ளே. உள்ளே என்றால் மாதச் சம்பளம், வைத்தியத்துக்கு அட்டை, மழையடித்தாலும் மெஷின் படுத்தாலும் வேலை உண்டு. வெளியே என்றால் மூட்டை வந்தால் அடுப்பு, வராவிட்டால் யோசனை. தங்கச்சி நான்கு நாள் வெட்டினாள். ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேலேயே இன்னொன்று வந்தது.

அதே சனிக்கிழமை காலையில்தான் நாடகம். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்காகப் போடுவது; பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை, அவர்களும் உள்ளே இறங்கி ஆடவேண்டுமாம். என் வேன் பிள்ளைகளுக்கு டிக்கெட் சொல்லியிருந்தேன். வீட்டிலுள்ள பிளாஸ்டிக் குப்பையைக் கழுவிக் கொண்டுவாருங்கள், அதையே மேடைக் கடலில் கொட்டுவோம் என்று சீட்டில் அச்சடித்திருந்தது.

காலையில் போய்க் கதவைத் தட்டினேன். தங்கச்சி, வக்கீலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, குப்பைக்குன்னு ஒரு மூட்டை ரன்னர் வச்சிருக்கேன். கதவுக்குப் பின்னாடி பாருங்க. எடுத்துக்கங்க."

கதவுக்குப் பின்னால் இரண்டு வெள்ளை மூட்டை. 'எது?' என்று கேட்டிருந்தால் ஒரு நொடி. கேட்கவில்லை. நமக்குத் தெரியாததா? இரண்டையும் அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில் இளம்பச்சை நிறத்தில் கிளை கிளையாக, இலையுதிர்ந்த குட்டி மரங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கலாம் போல அவ்வளவு அழகு. இன்னொன்றில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி வளைவு வளைவாகத் துணுக்குகள். இதில் எது குப்பை என்று என்னைக் கேட்டால்? என்னைத்தானே நான் கேட்டுக்கொண்டேன். நகத்தைத் தூக்கித் தோளில் போட்டேன்.

"நீங்க வரலையா மச்சான்?" என்று வேறு விசாரித்தேன்.

"ரெண்டு பேரும் போயிட்டா மூட்டைக்கு யாரு காவல்?" என்றான் மச்சான். "அஞ்சு மணி வரைக்கும் இத விட்டு நகர மாட்டேன்."

சொன்னபடியே மிச்சமிருந்த மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பாவம், ரன்னருக்குக் காவல்.

தங்கச்சி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு வந்தாள். நான்கு மாதத்தில் அவள் வேலையில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான். வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். "வெட்டி முடிச்சிட்டேண்ணே" என்றாள். "கண்ண மூடுனாக் கூட கொக்கிதான் தெரியுது. ஆனா முடிச்சிட்டேன்." பின்னால் அவளுடைய ஆறு கிலோவும் எங்களோடு குலுங்கி வந்துகொண்டிருந்தது.

நாடகக் கொட்டகையில் நாற்காலிகளை எடுத்துவிட்டுத் தரையில் பெரிய நீலத்துணி விரித்திருந்தார்கள். பிள்ளைகள் தொண்ணூறு பேர் இருப்பார்கள். சுற்றி உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் அலை. ஒரு மூலையில் டிரம்காரர். வாசலில் எல்லோருடைய குப்பையையும் வாங்கிக் கூடைகளில் நிரப்பி, மேலே கொஞ்சம் மினுக்குத்தூளும் தூவி வைத்தார்கள், குப்பைக்கு அழகு வேண்டாமா என்று. என் மூட்டையை வாங்கிய பெண் 'அடேயப்பா' என்றாள். நான் பணிவாகச் சிரித்தேன்.

ஆமை வந்தது. முதுகில் கவிழ்த்த துணி துவைக்கும் தொட்டி, பச்சைக் கையுறை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. நாற்பது வயதுப் பெண்மணி. ஆனால் நடந்த நடையில் எனக்கே ஆமை என்றுதான் தோன்றியது. தன் வீட்டைக் காட்டியது, பாசி மெத்தையைக் காட்டியது, பிள்ளைகள் அலையடித்தார்கள். பொட்டலம் அம்மா மடியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் டிரம் அதிர்ந்தது. கூடைகளைக் கொண்டுவந்து கடலில் கவிழ்த்தார்கள். பாட்டில், பை, உறிஞ்சுகுழல், உடைந்த பொம்மைக் கால். எல்லாவற்றுக்கும் மேலே, ஆலங்கட்டி மழை போலச் சடசடவென்று, இளம்பச்சையில் ஆறு கிலோ.

"அம்மா," என்றாள் வக்கீல். "நம்ம கொக்கி."

தங்கச்சியும் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கப் போனவள், மடியில் பிள்ளை இருப்பது நினைவு வந்து, அப்படியே உட்கார்ந்தாள். அவள் ஆள்காட்டி விரல் மட்டும் கட்டரை அமுக்குவதுபோல மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"தங்கச்சி," என்று குனிந்து கேட்டேன், "என்மேல கோவமா?"

"மணி என்னண்ணே?"

"பதினொண்ணு ஆகப்போவுது."

"ம்" என்றாள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமை குப்பைக்கு நடுவே தடுமாறி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தது. "என் கடல்ல இதையெல்லாம் கொண்டாந்து கொட்டுனது யாரு?"

"நாங்க இல்ல!" என்று தொண்ணூறு குரல்.

"நீங்க இல்லையா? அப்ப யாரு? சொல்லுங்க, யாரு?"

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் அமைதியாகிவிடுவார்களாம். அந்த அமைதியில் ஆமை ஒரு பாட்டு ஆரம்பிக்குமாம். பிறகு எனக்குச் சொன்னார்கள். அப்போது தெரியாதே. நான் எழுந்து நின்றேன்.

"நான்தாங்க."

கொட்டகையே சிரித்தது. டிரம்காரர் என் மரியாதைக்கு ஒரு 'டொம்' போட்டார். ஆமை நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தது.

"எவ்ளோ போட்டீங்க?"

"ஆறு கிலோங்க."

"தப்புன்னு தெரியுதா?"

"போட்ட உடனே தெரிஞ்சிருச்சுங்க. திருப்பி எடுத்துக்கிறேன்."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க. எடுக்கறேன், எடுக்கறேன்னு. எவ்ளோ வருஷமாச்சு, ஒருத்தராவது எடுத்தாங்களா?"

"நான் எடுத்தே ஆகணுங்க. அஞ்சு மணிக்குள்ள."

மறுபடி சிரிப்பு. ஆளைப் பார்த்தாலே சிரிப்பு வருகிற முகம் எனக்கு. இத்தனை வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன், அன்றைக்கு அதுவே காலை வாரியது. அப்போது வக்கீல் எழுந்தாள். எழுந்து நேராகக் கடலுக்குள் நடந்து போய், ஒரு கொக்கியை எடுத்து ஆமையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது குப்பை இல்ல. எங்கம்மா வெட்டுனது. நாலு நாளா வெட்டுனாங்க. மாமா மாத்தித் தூக்கிட்டு வந்துட்டாரு. அஞ்சு மணிக்குக் குடுக்கலன்னா அம்மாவ உள்ள சேத்துக்க மாட்டாங்க. அங்க பாருங்க, உங்க திரையில மாட்டியிருக்கறதும் இந்தக் கொக்கிதான்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேடைத் திரையின் மேல் விளிம்பில் வரிசையாகக் கொக்கிகள். நிறம்தான் வேறு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆமை குனிந்து, மெதுவான குரலில், அது ஆமைக் குரலே இல்லை, "அம்மா எங்க?" என்று கேட்டது. வக்கீல் கையை நீட்டினாள். தொண்ணூறு தலையும் தங்கச்சி பக்கம் திரும்பின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவே தலைகுனிய வைத்தவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தபோது, பொட்டலம் வாயைத் திறந்தான்.

"அம்மா செஞ்சத ஆமை தின்னுருமா? ஆமை செத்துருமா?"

தங்கச்சி அவன் தலையைத் தடவினாள். ஆமை நான்கு காலில் தவழ்ந்து அவன் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"தின்னா வலிக்கும் ராசா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடல்ல இருந்தாத்தான தின்னுவேன்? திரையில இருந்தா நான் ஏன் திங்கப் போறேன்? இப்ப நீ ஒண்ணு செய். இதெல்லாத்தையும் பொறுக்கி அம்மாகிட்டக் குடுத்துரு. என் வயித்துக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது. செய்வியா?"

அப்புறம் எழுந்து நின்று, தொட்டி அதிர, கத்தியது: "பிள்ளைங்களா! இன்னைக்கு ஆட்டம் மாறுது! முதல்ல பச்சைக் கொக்கி! பச்சைக் கொக்கிய மட்டும்! ஒண்ணு விடக்கூடாது! டிரம்மு அண்ணே, அடிங்க!"

நான் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஒரு வரிசையில் நிற்க வைப்பதற்குள் மூன்று டீ குடித்துவிடலாம் என்பது என் அனுபவம். அன்று தொண்ணூறு பிள்ளைகளும் குப்புற விழுந்து பொறுக்கினார்கள். வலை கொடுத்தார்கள், கிடுக்கி கொடுத்தார்கள். கொக்கி அதற்கெல்லாம் சிக்கவில்லை, விரலுக்குத்தான் சிக்கியது. சின்ன விரல்கள், பெரியவர்களான எங்களுக்குக் கண்ணுக்கே தெரியாத இடுக்கில் போய் எடுத்தன. பாட்டிலைக் கவிழ்த்து உதறினார்கள். பொம்மைக் காலுக்குள் மாட்டியிருந்ததை ஒருத்தி பல்லால் இழுத்தாள். கழுத்தில் டை கட்டி வந்திருந்த ஒரு அப்பா, முட்டி போட்டுத் தவழ்ந்தார். ஒரு பையன் ஒரு கொக்கி கொண்டுவந்து கொடுக்க ஒவ்வொரு முறையும் கடலை முழுசாக ஒரு சுற்று ஓடினான். யாரும் தடுக்கவில்லை, அவன் முறை அது.

தங்கச்சி துணியின் கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். முன்னால் ஒரு கூடை. வருகிற ஒவ்வொரு கைப்பிடியையும் விரித்துப் பார்த்து, "நல்லாருக்கு கண்ணு... இது உடைஞ்சிருச்சு, பரவால்ல, அந்தப் பக்கம் போடு... அட, இம்புட்டா!" என்று வாங்கிப் போட்டாள். ஒருதரம் நிமிர்ந்து பார்த்தவள் சட்டென்று என் கையைத் தட்டினாள். பொட்டலம் நடந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு கையிலும் கொக்கி வழிய, யாரும் தூக்காமல், தானாக. "இவன் நடக்கறாண்ணே" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, என்னைப் பார்த்ததும், வந்த வழியே போய்விட்டது.

"கோவமா தங்கச்சி?" இரண்டாவது தடவை.

"உங்க கால எடுங்க. மிதிச்சிட்டு நிக்கறீங்க."

மிதித்துக்கொண்டுதான் நின்றேன். ஏழெட்டு.

நாடகம் முடிந்ததும் அதோடு விட்டுவிடவில்லை. கொட்டகைப் பின்கட்டில் குழாய் இருந்தது. மினுக்குத்தூளைக் கழுவவேண்டுமே. காய்கறி அலசும் கூடையில் கொட்டி அலசினோம், நீலத்துணியையே முற்றத்தில் விரித்து உலர்த்தினோம். வெயில் அன்றைக்கென்று பார்த்து மேகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் நாடகத்தில் பிடித்திருந்த அட்டை மீன்களை எடுத்துவந்து விசிறினார்கள். சுறா, திமிங்கிலம், நட்சத்திர மீன் எல்லாம் சேர்ந்து எங்கள் கொக்கிக்குக் காற்று வீசின. யார் பெற்ற பிள்ளைகளோ. என்னிடம் ஒரு பெயரும் இல்லை, போய் நன்றி சொல்ல ஒரு முகவரியும் இல்லை.

ஆமை, தொட்டியைக் கழற்றிவிட்டு வேர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கப் போனவர், எங்களைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பாக்காதீங்க," என்றார். "வீட்டுல இருந்து செம்புல கொண்டாருவேன். இன்னைக்கு மறந்துட்டேன்."

"குடிங்கக்கா," என்றாள் தங்கச்சி. "அவ்ளோ நேரம் கத்தியிருக்கீங்க. மூடிய மட்டும் கீழ விட்டுராதீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆமைக்காரம்மா ஒரு கொக்கியை எடுத்துப் புரட்டினார். "முந்நூறு தடவைக்கு மேல ஆடியிருக்கேன். யாரு போட்டான்னு முந்நூறு தடவை கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் எந்திரிச்சாரு."

"அவரு அப்படித்தான்" என்றாள் தங்கச்சி. அது புகழ்ச்சியா என்று எனக்கு விளங்கவில்லை.

மற்றப் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு மாடியேறி வந்தோம். தங்கச்சி கொட்டகையிலிருந்தே மச்சானுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் காவலுக்கு வைத்த மூட்டை காலியாக, ரன்னரெல்லாம் தரையில் மலைபோலக் கிடந்தது.

"என்ன மச்சான் இது?"

"சும்மா," என்றான். "காலையில இருந்து குப்பைக்குக் காவல் இருந்திருக்கேன். எந்தக் குப்பைன்னு ஒருதரம் பாக்கலாம்னு கொட்டினேன். நீங்க ஏன் நிக்கறீங்க, உக்காருங்க. நின்னா எதையாவது தூக்குவீங்க."

தங்கச்சி உட்கார்ந்தது தெரியாமல் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து பிடி பிடியாக எடுத்து நைலான் துண்டில் மறுபடி இழுத்துப் பார்த்து, நூல் பிடித்ததைச் சீவ ஆரம்பித்தாள். டிக், டிக். எதற்கும் இருக்கட்டும் என்று டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருப்பேனோ என்று மூன்று பேரும் முதலில் முகர்ந்து பார்த்தார்கள். நாலரைக்கு எல்லோரும் கிளம்பினோம். மச்சானும் வந்தான், இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே வந்தான்.

யூனிட் தகரக்கூரைக் கொட்டகை. வாசலிலேயே சூடான பிளாஸ்டிக் நெடி. உள்ளே மெஷின்கள் 'டப்' என்று மூடி 'உஸ்' என்று திறந்துகொண்டிருந்தன. தான் ஓட்டிய மூன்றாவது மெஷினைத் தாண்டும்போது மச்சான் அதைப் பார்க்காமல் தாண்டினான்.

வெட்டி வரும் சரக்கைச் சோதித்து எடுக்கும் செக்கிங் அக்கா என்றால் யூனிட்டே நடுங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒல்லியான பெண்மணி, மூக்குக்கண்ணாடி தலையில், கழுத்தில் ஒரு நைலான் துணி. மூட்டைக்குள் கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஒவ்வொன்றாகத் துணியில் இழுத்தார். இருபது. நாற்பது. ஒன்றும் நூல் பிடிக்கவில்லை. ஐம்பதாவதோ என்னவோ, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன மினுக்குது?"

"அது வந்துங்க," என்று நான் ஆரம்பித்தேன், "இந்த லைட் வெளிச்சத்துக்கு..."

"கடல்ல விழுந்துருச்சுக்கா," என்றாள் தங்கச்சி. மூன்றே வாக்கியத்தில் முழுவதையும் சொன்னாள். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை.

செக்கிங் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர்தானா?"

"இவர்தான்."

"ம்" என்று மூட்டையைத் தராசில் வைத்தார். எழுபது கிராம் குறைந்தது. எத்தனை பிள்ளைகளின் சட்டைப்பையில் அன்றைக்குக் கொக்கி சுறாப்பல்லாகப் போனதோ. செக்கிங் அக்கா முள்ளைப் பார்த்தார். தங்கச்சி தரையைப் பார்த்தாள்.

மச்சான் இடது கையை வெளியே எடுத்தான். ஒரு சின்னக் காகிதப் பொட்டணம். தராசுத் தட்டில் அவிழ்த்தான். பச்சைக் கொக்கிகள்.

"ரன்னர்ல அங்கங்க வெட்டாம விட்டுப் போனது," என்றான். "மொத்தமாத் தேடி எடுத்தேன்."

முள் ஆறைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டியது. செக்கிங் அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியில் இழுத்தார். நூல் பிடித்தது. இன்னொன்று. அதுவும் பிடித்தது.

"இது வேற கை."

"என் கைதான்க்கா," என்றான் மச்சான். "இடது கை. கட்டரத் தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு வெட்டினேன்."

மெஷின்கள் டப், உஸ் என்றன. தங்கச்சி, மேஜையில் கிடந்த கட்டரைக் கேட்காமலே எடுத்தாள். புருஷன் வெட்டிய கொக்கிகளைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே சீவ ஆரம்பித்தாள். விரலில் கொப்புளம் இருக்கிறது, நான்கு நாள் தூக்கம் பாக்கியிருக்கிறது, ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். எதுவும் அந்தக் கைக்குத் தெரியவில்லை. ஒரு கொக்கிக்கு ஒரு 'டிக்', ஒரு சீவல், அடுத்தது. பக்கத்தில் மச்சான் மடங்கிய வலது விரல்களால் சீவாததை ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளிக்கொடுத்தான். செக்கிங் அக்கா கொக்கியைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தார்.

கடைசிக் கொக்கி விழுந்ததும் ஒன்றைக்கூடத் துணியில் இழுத்துப் பார்க்காமல் மூட்டையில் அள்ளிப் போட்டார்.

"திங்கக்கிழமை எட்டு மணி. ரெண்டாவது பெஞ்சு. வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும், பழகிக்குவல்ல?"

தங்கச்சி தலையாட்டினாள். மச்சான்தான் "பழகிக்குவா" என்றான்.

"அந்த ஆளு மட்டும் உள்ள வரக்கூடாது" என்று என்னைக் காட்டினார் செக்கிங் அக்கா.

திரும்பும் வழியில் பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் மச்சான்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மச்சானும் தூங்கினான். தங்கச்சி முன்சீட்டில் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி வந்தாள். கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பாடவேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே செய்தது போதும் என்று அடக்கிக்கொண்டேன். தொண்ணூறு பிள்ளைகள், ஒரு ஆமை, டை கட்டிய ஒரு அப்பா, ஒரு செக்கிங் அக்கா. இவர்களெல்லாம் இல்லையென்றால் இந்த முன்சீட்டில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஆனாலும் ஒன்று தெரிந்தாகவேண்டும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, காலையில இருந்து கேக்கறேன். மணி என்னங்கற, கால எடுங்கற. இப்பவாவது நேரடியாச் சொல்லிரு. என்மேல கோவம் இருக்கா, இல்லையா?"

அவள் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள்.

"இருக்குண்ணே," என்றாள். "நிறைய இருக்கு. நாளைக்கும் இருக்கும். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க, அப்பவும் இருக்கும்."